துறைமுக மாவட்டத்தில் தீவிர சிகிச்சைத் தாதியம்: தொழிலறிவும் பதவியுயர்வும்

தாதி என்னும் சொல் தமிழில் இரு பொருள் தந்து வழங்கி வந்துள்ளது. ஒன்று, ஏவல் கேட்டு நடக்கும் பணிப்பெண். மற்றையது, பிறர் குழந்தையைப் பாலூட்டி வளர்ப்பவள். தமிழகத்தில் இன்று வழங்கும் செவிலியர் என்ற சொல்லும் அகத்திணை மரபின் செவிலித்தாயை நினைவூட்டுவதே. முதற்பொருள் பணிவைச் சுட்டுகிறது. ஏனையவை பரிவைச் சுட்டுகின்றன. அறிவுத் தொழில் என்ற கருத்து இவற்றுள் எதிலும் முதன்மை பெறவில்லை. சொற்கள் சமூக உறவுகளின் பதிவுகள் என்பதை ஏற்போமாயின், இக்குறைபாடு தற்செயலானதன்று என்பதையும் ஏற்றல் வேண்டும். பெரும்பாலும் பெண்களால் ஆற்றப்படும் ஓர் உழைப்பு, இயல்பான இரக்கத்தின் வெளிப்பாடாகவே கொள்ளப்பட்டு, அதன் அறிவுக்கூறு கணக்கில் எடுக்கப்படாது போயிற்று.

இம்மதிப்பீடு எத்துணைப் பிழையானது என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவு தெளிவாகக் காட்டும். அப்பிரிவிலே தாதியர் செய்யும் வேலை யாது, அவ்வேலையில் ஒருவர் தேர்ச்சி பெறுவது எங்ஙனம், அத்தேர்ச்சிக்கு நமது சேவை அமைப்புத் தரும் இடம் யாது என்னும் மூன்று வினாக்களையும் திருகோணமலைத் துறைமுக மாவட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தீவிர சிகிச்சையின் தோற்றம்

தீவிர சிகிச்சைப் பிரிவு இயந்திரங்களின் விளைவாகத் தோன்றியது என்பது பொதுவான எண்ணம். வரலாறு வேறு விதமாக உள்ளது. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளருள் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் முதல் வாரங்களில் இறந்தனர். போதிய சுவாச இயந்திரங்கள் அந்நகரில் இருக்கவில்லை. பியோன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றூட்டலாம் எனக் காட்டினார். ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர் முறைவைத்து அமர்ந்து, இரவு பகலாகப் பையை அமுக்கினர். தாதியர் அவர்களுடன் நின்று நோயாளரைப் பராமரித்தனர். இறப்பு வீதம் படிப்படியாக நூற்றுக்கு இருபத்தைந்து என்ற அளவுக்கு இறங்கியது. 1953 டிசம்பரில் இப்சன் அந்நகரின் வேறொரு மருத்துவமனையில் நிறுவிய பிரிவே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. தீவிர சிகிச்சையின் அடிப்படை, நோயாளியின் அருகில் இடையறாது ஒருவர் இருத்தல். இயந்திரம் பின்னர் வந்து அம்மனிதரின் கையை விடுவித்தது. அவரது கண்ணையும் கருத்தையும் விடுவிக்கவில்லை. வைத்தியர் வருவார், ஆணை எழுதுவார், அடுத்த நோயாளியிடம் செல்வார். படுக்கையை விட்டு அகலாதவர் தாதியே. எனவேதான் பிரித்தானியா போன்ற நாடுகளிலே செயற்கைச் சுவாசத்தில் உள்ள நோயாளி ஒருவருக்குத் தாதி ஒருவர் என்ற விகிதம் நியமமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

2. வேலையின் உள்ளியல்பு

தீவிர சிகிச்சைத் தாதியின் வேலையை விளக்குதற்குக் கிழக்கிலங்கைக்கு அயலல்லாத இரு நோய்நிலைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது டெங்கு. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் 186,101 டெங்கு நோயாளர் பதிவாகினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பிரதேசம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. டெங்கு நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் காய்ச்சலன்று. காய்ச்சல் தணியும் வேளையில் குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. இக்கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். நோயாளி அப்போதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார்; வீட்டார் சுகம் வந்துவிட்டதெனக் கருதுவர். குருதியமுக்கம் 100க்கு 80 எனத் தாளிலே பதியப்படுகிறது எனக் கொள்வோம். மேல் எண் இயல்பாகவே உள்ளது. ஆனால் அனுபவமுள்ள தாதி மேலெண்ணை மட்டும் நோக்குவதில்லை. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை நோக்குகிறார். அது 20 ஆகக் குறுகியுள்ளது. உடல் தன் குழாய்களை இறுக்கிக்கொண்டு வீழ்ச்சியை மறைக்கிறது என்பதே அதன் பொருள். மேலெண் வீழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

மறுபுறத்தில், அஞ்சித் திரவத்தை அள்ளி ஊற்றவும் இயலாது. கசியும் காலம் முடிந்ததும் வெளியேறிய திரவம் குருதிக்குத் திரும்பும். மிகையாகக் கொடுத்திருப்பின் நுரையீரல் நீரால் நிறையும். 50 கிலோகிராம் எடையுள்ள வளர்ந்தவருக்கு நெருக்கடிக் கால 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 4600 மில்லிலீற்றர் என்ற வரையறையை இலங்கையின் சிகிச்சை நெறிமுறை வகுத்துள்ளது. வாயால் அருந்தும் நீரும் இதனுள் அடங்கும். சிறுநீர், கிலோகிராம் ஒன்றுக்கு மணிக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். நாடி, அமுக்கம், சிறுநீர், செங்குழியச் செறிவு என்பவற்றை மணிக்கணக்கிற் பதிந்து, கூட்டிக் கழித்து, வைத்தியரை எப்போது எழுப்புவது என்று முடிவு செய்பவர் இரவுமுறைத் தாதி. அவர் கையிலுள்ள தாள் வெறும் பதிவேடன்று. அது ஒரு தொடர் தர்க்கம்.

இரண்டாவது கட்டுவிரியன் கடி. தரையிற் பாய் விரித்து உறங்கும் ஏழை மக்களையே இப்பாம்பு பெரிதும் தீண்டுகிறது. அதன் நஞ்சு நரம்புமுனைகளைத் தாக்குகிறது. இமைகள் சோர்கின்றன, விழுங்கல் நின்றுபோகிறது, ஈற்றில் சுவாசம் ஓய்கிறது. நரம்புமுனை சிதைந்த பின்னர் நஞ்செதிர் மருந்து அதனை மீட்பதில்லை. முனைகள் மீள வளரும்வரை சில நாள்கள் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருப்பதே வழி. அந்நாள்களிலே நோயாளி இமை திறவார், விரல் அசையார், கருமணியும் ஒளிக்குச் சுருங்காதிருக்கலாம். பிணத்துக்கும் அவருக்கும் வேறுபாடு காண்பது அரிது. ஆயினும் அவருக்கு உணர்வுண்டு, காது கேட்கும்.

இங்கு தாதி செய்வன பல. தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்தல், குழாயிற் சேரும் சளியை உறிஞ்சுதல், வாயைத் தூய்மை செய்தல், படுக்கைப்புண் வாராது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுதல், மூடாத கண்மணி உலராது காத்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றுள் ஒன்று தவறினும் நஞ்சினாற் சாகாதவர் நிமோனியாவினாற் சாவார். இவை யாவற்றுக்கும் மேலாக, செய்யப்போவதை நோயாளியின் காதிலே சொல்லிச் செய்தல் வேண்டும். நல்ல தாதி இதனைப் பரிவினால் மட்டுமன்றி, அறிவினாலும் செய்கிறார். அசைவற்ற அவ்வுடலினுள் அச்சத்தோடு கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் உள்ளார் என்பது நஞ்சின் செயலை அறிந்தவருக்கே தெரியும்.

3. மாவட்டத்தின் புவியியலும் மொழியும்

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் பள்ளிப் புத்தகங்கள் கூறும். பேரரசுகளுக்கு அருளாக அமைந்த அக்கடல், மாவட்ட மக்களுக்கு நெடுங்காலம் தடையாகவும் இருந்தது. கொட்டியாரக் குடா நகரையும் மூதூரையும் பிரித்து நின்றது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை நோயாளரும் துறைப்படகுக்குக் காத்திருந்தே கடந்தனர். தென்கரைப் பாதையின் ஏனைய பாலங்கள் 2011 அளவிலேயே நிறைவுற்றன. ஆயினும் இடர் முற்றாக நீங்கவில்லை. 2021 நவம்பர் 23ஆந் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் மிதவைப்படகு கவிழ்ந்து பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர்.

மருத்துவம் கடல்வழி வந்த வேறொரு காலமும் உண்டு. 2009 பெப்ரவரி 10 முதல் அவ்வாண்டு மே வரை, வன்னிக் கரையிலிருந்து காயமுற்றோரையும் நோயுற்றோரையும் அவர்தம் துணையினரையும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றி வந்தது. இவ்வாறு வந்தோர் தொகை ஏறத்தாழ 14,000. முதலில் திருகோணமலைத் துறைக்கும், பின்னர் இந்திய மருத்துவக் குழு முகாமிட்டிருந்த புல்மோட்டைக்கும் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். அவ்வாண்டைப் பற்றி எழுதப்பட்டவை பல. கப்பலால் இறங்கியவர்களை இரவு பகலாகத் தொட்டுத் தூக்கிய தாதியரின் அனுபவம் அவற்றுள் மிக அரிதாகவே இடம்பெறுகிறது. ஆவணப்படுத்த வேண்டிய ஒரு கடன் இதில் உண்டு.

தூரமும் தாதியின் கணக்கிற்குரியதே. மாவட்டத்தில் இல்லாத சிறப்புச் சிகிச்சை தேவைப்படுமிடத்து, நோயாளியை அநுராதபுரத்துக்கோ கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டு செல்லல் வேண்டும். எத்திசையிற் சென்றாலும் 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். நோயூர்தியில் உடன் செல்லும் தாதி புறப்படுமுன் ஒட்சிசனைக் கணக்கிடுகிறார். நிமிடத்துக்கு 10 லீற்றர், இரண்டரை மணிநேரப் பயணம் எனின் 1500 லீற்றர். வழியில் நேரும் தாமதத்துக்கும் சேர்த்து அதன் இருமடங்கு. இக்கணக்குத் தவறுமாயின் காட்டுவழியில் அதனைத் திருத்த வாய்ப்பில்லை.

இனி மொழி பற்றி நோக்குவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டச் சனத்தொகை ஏறத்தாழ 380,000. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவருள் எவரும் பாதியை எட்டவில்லை. நோயாளி தமிழ் பேசும் மீனவராக இருக்கலாம்; தாதி தென்னிலங்கையிலிருந்து முதல் நியமனம் பெற்று வந்தவராக இருக்கலாம். நோயாளி கந்தளாயின் சிங்கள விவசாயியாகவும், தாதி சிங்களம் அறியாத தமிழ்ப் பெண்ணாகவும் இருத்தலும் கூடும். பதிவேடோ ஆங்கிலத்தில். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் படுக்கையருகே மொழியுரிமை என்பது கடிதத் தலைப்பு எம்மொழியில் உள்ளது என்ற வினா அன்று. இமை திறவாது கிடப்பவரின் காதிலே அவர் மொழியில் நான்கு வார்த்தை சொல்ல ஒருவர் உண்டா என்பதே வினா. வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா, இன்றைக்கு என்ன கிழமை, உங்கள் மகள் வெளியே நிற்கிறாள் என்பவற்றை இரு மொழியிலும் சொல்லக் கற்றல் தீவிர சிகிச்சைத் தாதியின் தொழிற்பயிற்சியில் ஒரு பாடமாதல் வேண்டும்.

அறிவையும் மக்கள் மொழியையும் இணைக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு முதலிய துறைகளில் தமிழ் நூல்களையும் ஆக்கினார். இணுவிலில் 1898இல் எழுந்த மக்லியொட் மகளிர் மருத்துவமனை வடபுலப் பெண்கள் தாதியர் பயிற்சி பெற்ற இடங்களுள் ஒன்று. அம்மரபு வைத்தியருக்கான பாடநூலோடு நின்றுவிட்டது. தீவிர சிகிச்சைத் தாதியத்துக்குரிய தமிழ்க் கைநூல்கள் இன்றும் போதிய அளவில் இல்லை.

4. தேர்ச்சியும் பதவியும்

அரச சேவையில் தாதியாக விரும்புவோர் உயர்தரப் பரீட்சையின் பின் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற இடங்களிலுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் மூன்றாண்டு பயில்வர். பல்கலைக்கழகங்களில் தாதியியற் பட்டக்கல்வியும் இன்று உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதனை வழங்குகின்றன. பணியிலுள்ளோர் திறந்த பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பட்டம் பெறலாம். தொழிற்பதிவுக்குரிய சட்ட ஏற்பாடு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டத்தால் வகுக்கப்பட்டது.

நியமனத்தின் பின் மூன்றாந் தரம், இரண்டாந் தரம், முதலாந் தரம் எனப் படிகள் அமைந்துள்ளன. ஆண்டுதோறும் சம்பளவேற்றம் உண்டு. வினைத்திறன் காண் தடைதாண்டற் பரீட்சையும் உண்டு. அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்திய கல்லூரிப் பயிற்சி பெற்று விடுதிப் பொறுப்பாளராகவோ போதனாசிரியராகவோ உயரலாம். இவ்வேணி எங்கே கொண்டுசெல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. விடுதிப் பொறுப்பாளரின் நாள், முறைப்பட்டியல், மருந்து இருப்பு, துணிக்கணக்கு, கடிதம் என்பவற்றிற் கழிகிறது. போதனாசிரியர் வகுப்பறைக்குச் செல்கிறார். இப்பதவிகள் வேண்டியவையே. ஆயினும் உயர்தல் என்பது படுக்கையை விட்டு விலகுதலாகவே அமைந்துள்ளது.

இதன் விளைவை உணர்தற்கு அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பற்றீசியா பென்னரின் ஆய்வு துணைபுரியும். 1984இல் வெளியான தமது நூலில் அவர் தாதியின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பகுத்தார். புதியவர், முன்னேறிய தொடக்கநிலையாளர், தகுதியாளர், திறனாளர், வல்லுநர் என அவற்றைத் தமிழிற் கூறலாம். புதியவர் விதியைப் பின்பற்றுகிறார். அமுக்கம் 90க்குக் கீழ் வந்தால் அறிவி என்றால் 90 வரும்வரை காத்திருப்பார். இரண்டு மூன்று ஆண்டில் தகுதியாளராகிறவர் தமது முறையைத் திட்டமிட்டு நடத்துகிறார். வல்லுநரோ நோயாளியைக் கண்டவுடன் ஏதோ மாறுகிறது என்கிறார். பல நோயாளரின் முகமும் மூச்சும் நிறமும் அவருள்ளே ஒழுங்குபட்டுக் கிடப்பதே அதற்குக் காரணம். இது மறைபொருளாற்றலன்று; ஆண்டுக்கணக்கான உழைப்பு அறிவாகத் திரண்ட நிலை. இவ்வறிவு படுக்கையருகிலேயே பிறக்கிறது, படுக்கையருகிலேயே பயன்படுகிறது. வல்லுநர் நிலையை எட்டுபவரை அலுவலக மேசைக்கு அனுப்பும் அமைப்பு, தான் விளைவித்ததைத் தானே இழக்கிறது.

கல்வியும் ஆளெண்ணிக்கையும் உயிரோடு தொடர்புடையவை என்பதற்குச் சான்றுகள் உள. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கென் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தாதி ஒருவர் பார்க்கும் நோயாளர் தொகை ஒன்றால் அதிகரிக்கும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றோர் முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதாகக் கண்டது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 சதவீதம் கூடுமிடத்து அவ்வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது. ஐரோப்பியப் பெறுபேற்றை நமது நிலைமைக்கு அப்படியே பொருத்தலாகாது எனினும், அது சுட்டும் திசை ஐயத்துக்கிடமற்றது. இலங்கையிலேயே, தாதியரே ஆசிரியராக நின்று சக தாதியருக்குச் செயன்முறையாகத் தீவிர சிகிச்சைத் திறன்களைக் கற்பித்த குறுகிய காலப் பயிற்சித் திட்டமொன்று வெற்றியுடன் பரிசோதிக்கப்பட்டு, 2015இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. பெரும் முதலீடின்றிப் படுக்கையருகே கல்வியை வளர்க்கலாம் என்பதற்கு அது சான்று.

5. வெளியேறும் கைகள்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இப்பிரச்சினையைக் கூர்மைப்படுத்தியது. மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருட் பஞ்சமும் ஒருபுறம். வேதனத்தின் உண்மைப் பெறுமதி வீழ்ந்தமை மறுபுறம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாட்டில் தொழில்புரிய வழிசெய்யப்பட்டது. அந்நியச் செலாவணி தேவை என்பது அரசின் நியாயம். மத்திய கிழக்கு நாடுகளும் பிரித்தானியாவும் நமது பயிற்சி பெற்ற தாதியரை விரும்பி ஏற்கின்றன. வெளியேறுவோரைக் குறைகூறுதல் எளிது, பொருத்தமன்று. காலைமுறை, மாலைமுறை, பன்னிரண்டு மணிநேர இரவுமுறை என உழைத்து, வீடு திரும்பிச் சமையலும் பிள்ளைகளும் முதியோரும் எனத் தொடரும் வேலையையும் சுமக்கும் ஒரு பெண், மேலதிக நேரக் கொடுப்பனவின்றி மாதத்தை ஓட்ட இயலாதவளாக இருக்குமிடத்து, அவளிடம் தியாகத்தை வேண்டுதல் நேர்மையாகாது. தாதியரின் தொழிற்சங்கப் போராட்டங்கள் நோயாளருக்கு எதிரானவை எனச் சித்திரிக்கப்படும்போதும் இதனை மறத்தலாகாது. ஆளில்லாத இரவு விடுதியே நோயாளருக்கு எதிரானது.

புறப்படும் ஒவ்வொருவருடனும் செல்வது ஒரு நியமன எண் மட்டுமன்று. ஐந்து, பத்து ஆண்டுகளில் திரண்ட அவ்வறிவும் செல்கிறது. வெற்றிடத்தைப் புதியவரைக் கொண்டு நிரப்பலாம். வல்லுநரின் இடத்தைப் புதியவர் நிரப்புவதற்கு ஆண்டுகள் செல்லும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, படுக்கையருகே நின்றபடியே உயர்தற்குரிய பதவிப்படி வேண்டும். தீவிர சிகிச்சையில் வல்லுநரான தாதி, விடுதிப் பொறுப்பாளருக்கு நிகரான தரமும் வேதனமும் பெற்று, நோயாளரைப் பார்த்துக்கொண்டே இளையோரைப் பயிற்றுபவராக இருத்தல் வேண்டும். இரண்டாவது, இடமாற்ற ஒழுங்கில் தீவிர சிகிச்சைத் தேர்ச்சி கணக்கிலெடுக்கப்படல் வேண்டும். ஐந்தாண்டு செயற்கைச் சுவாசம் பார்த்தவரை வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றுதல் சிக்கனமன்று. மூன்றாவது, மாகாணத்தின் தாதியர் கல்வியில் தமிழும் சிங்களமும் நோயாளியோடு பேசும் அளவிலேனும் கட்டாயமாதல் வேண்டும். நான்காவது, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இலக்கிய ஆய்வோடு அமையாது, தாதியருடன் கூடியிருந்து தீவிர சிகிச்சைக்குரிய தமிழ்க் கைநூலொன்றை ஆக்க முன்வருதல் வேண்டும். கலைச்சொல்லைப் படுக்கையருகே பேசிப் பார்த்தே ஆக்குதல் நன்று. குருதியமுக்கம் என்ற சொல் புல்மோட்டைத் தாய்க்கு விளங்காதாயின், பிரஷர் என்பதே அங்குத் தமிழ்.

கொட்டியாரக் குடாவின் கரையில் இன்றிரவும் யாரோ ஒருவர் இமை திறவாது கிடப்பார். அவருடைய நாடியை எண்ணி, வேறுபாட்டைக் கணித்து, காதருகே குனிந்து பேசுபவர் தமது தொழிலில் இருபதாண்டு நின்று முதிர்ந்தவரா, அன்றி இருபது நாளுக்கு முன் வந்தவரா என்பதை, எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்படும் சேவைப் பிரமாணக் குறிப்பு முடிவு செய்கிறது. அக்குறிப்பை வாசிப்பதும் விவாதிப்பதும் தாதியருக்கு மட்டும் உரிய அலுவலன்று.